வக்கீல் தொகையைச் சொன்னார்

வியாழன், இரவு.

மகளும் மருமகனும் இறந்துபோனபின் பேத்தி யாழினிக்கு நான்தான் கார்டியன் ஆக மனுப் போட வேண்டும். செலவைக் கேட்கும்போதெல்லாம் ஆர்.எஸ்.புரம் வக்கீல், "அட, பாத்துக் குடுங்க" என்று சிரிப்பார். அதற்குமேல் கேட்பது மரியாதையில்லை என்று திரும்பிவிடுவேன். பென்ஷன்காரன் எதைப் பார்த்துக் கொடுப்பது?

இன்று யாழினியும் வந்தாள். "கோர்ட் நோட்டீஸ பேப்பர்ல போடற விளம்பரச் செலவும் சேத்துச் சொல்லிப்போடுங்க. பாதியில பணம் தீந்து மனு நின்னா, இந்தப் புள்ள யாரோடங்க இருக்கும்?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் சிரிப்பை நிறுத்தி முழுத்தொகையையும் சொன்னார். சேமிப்புக்குள் அடங்கும்.

பஸ்ஸில் யாழினி, "அப்பச்சி, நீங்க சத்தமாப் பேசுனீங்க!" என்றாள். அவளுக்கு அவ்வளவு பெருமை. எனக்கும்தான்.

இந்த வயதில் பிள்ளை வளர்க்க முடியுமா என்று பார்க்க, கோர்ட்டில் என் வயதைக் கேட்பார்களாம். அதையும் சத்தமாகவே சொல்லிவிட வேண்டும்.