ஏழாவது பத்தி

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், வரவில்லை. முதலில் என் மானத்தை வாங்கிக்கொள்: பத்தொன்பது வருடமாக வணிகப் பக்கம் தயாரிக்கிற நான், ஒருநாள்கூட அதை முழுதாகப் படித்ததில்லை. அமைச்சக அறிக்கையை வெட்டி, தலைப்பு ஒட்டி, டீ குடிக்கப் போய்விடுவேன். ஆபீசில் 'கத்தரிக்கோல்' என்று சும்மாவா கூப்பிடுகிறார்கள்?

தலைப்பையாவது படிக்கிற ஒரே வாசகர் உன் வீட்டுக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் அல்லவா! "என்ன மச்சான், உங்க பக்கத்துல கப்பல் வருது, சரக்கு எறங்குது, எறக்குற ஆளு மட்டும் வரவே மாட்டேங்கிறானே?" என்பார்.

துறைமுகத்தை வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கொடுக்கும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக்கூடாது என்று அவரும் மற்றத் தொழிலாளர்களும் துறைமுக வாசலில் உட்கார்ந்தது உனக்குத் தெரியும். முதல் நாள் நாங்கள் போட்டது, 'துறைமுகச் சாலையில் நெரிசல்'. கப்பல்கள் வரிசையில் நின்றதும், 'வணிகர்கள் கவலை'. எட்டாம் நாள் போலீஸ்காரர்கள் ரப்பர் குண்டு சுட்டார்கள். மாப்பிள்ளை ரத்த முகத்தோடு நிற்கிற படம் வந்ததும் ஆசிரியர் ஓடிவந்தார். "யோவ் கத்தரிக்கோல், அறிக்கையக் குப்பைல போடு. யார் யாருக்கு வேலை போகும்னு வாசல்ல போய்க் கேட்டு எழுது" என்றார். எழுதினேன். முதல் பக்கம். அந்தப் படத்துக்குக் கீழே என் பெயரைப் பார்த்து ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ வெளியூர் ஆஸ்பத்திரியில் இருந்தாலும் நர்ஸ், உன்னிடம் பூசி மெழுக முடியாது. மாப்பிள்ளைக்கு இடது கண் போய்விட்டது. வலது கண்ணுக்கு டாக்டர் உறுதி கொடுக்கவில்லை. இரண்டு கண்ணிலும் கட்டோடு, நான் எழுதியதைத் தினமும் என்னையே படிக்கச் சொல்லிக் கேட்கிறார். "எறக்குற ஆளு வந்துட்டான், பாத்தீங்களா மச்சான்! இனிமே கையெழுத்துப் போட மாட்டாங்கல்ல?" என்றார். மாட்டார்கள் என்று தலையாட்டினேன். கட்டுப் போட்ட கண்ணுக்கு அது தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

லீவு கொடுக்காவிட்டாலும் கிளம்பி வா. அதுவரை போனில் அவர் அதையே கேட்டால், "போட மாட்டாங்க" என்று நீயும் சொல், தாயி. உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது.

உன் அண்ணன்.

பி.கு.: நேற்றுப் பழைய இதழ்களைப் புரட்டினேன். அவர்கள் வாசலில் உட்காருவதற்கு ஒன்பது நாள் முன்னால், 'வெளிநாட்டுக் குழு வருகை' என்று நான் தலைப்பு ஒட்டிய அறிக்கை ஒன்று. துறைமுக ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்ட செய்தி அதன் ஏழாவது பத்தியில் இருக்கிறது.