சலாமில் தீர்ந்த இரண்டு நிமிடம்

கஃப்ஸா,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் இன்ஸாஃபுக்கு,

இறைவன் அருளால் நானும் உன் அம்மாவும் இங்கே இருக்கிறோம். மான்ட்ரியல் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். அம்மாவுக்கு ரத்தச் சுத்திகரிப்பு வழக்கம்போல நடக்கிறது. ஊசி குத்திய கை இன்னும் வீங்கியிருக்கிறது. எழுதாதே என்றாள், எழுதிவிட்டேன்.

கூட்டத்தில் பேசினீர்களா என்று கேட்டிருந்தாய். பேசினேன் என்று சொல்லலாமா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நம் சிறுநீரக நோயாளிகள் சங்கத்தின் இணைய முகவரி கைவிட்டுப் போன கதை உனக்குத் தெரியும். செயலாளர் ஸி ஜிலானி இறந்தபின், புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்புகள் அவருடைய மின்னஞ்சலுக்கே போய்க்கொண்டிருந்தன, திறந்து பார்க்க ஆளில்லை. இப்போது எங்கோ இருக்கும் யாரோ அதை வாங்கி, நம் சங்கத்தின் பெயரிலேயே, சிறுநீரகத்தைச் சரியாக்கும் என்று ஏதோ மாத்திரை விற்கிறார்கள். முகவரி விற்ற நிறுவனத்துக்கு எழுதினேன், உரிமையாளர் மாறிவிட்டார் என்று பதில் வந்தது. இங்கே அரசு அலுவலகத்தில் கேட்டால், அது நம் நாட்டு முகவரியே இல்லை, நாங்கள் என்ன செய்ய என்கிறார்கள்.

உலகம் முழுவதற்கும் இணைய முகவரிகளின் விதிகளை வகுப்பவர்கள் கூடும்போது, சாதாரணப் பயனர்களும் திரைவழியே இரண்டு நிமிடம் பேசலாம் என்று நீதான் கண்டுபிடித்துச் சொன்னாய். அரபியிலேயே பேசலாம் என்றதும் கொஞ்சம் தைரியம் வந்தது. எழுதி, அம்மா கடிகாரத்தைப் பிடித்திருக்க, பலமுறை வாசித்துப் பார்த்தேன். நேரத்துக்குள் அடங்கியது. அன்று கலாசார மன்றத்துக் கணினி முன் நான் உட்கார, சங்கத்தார் எல்லாரும் எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். துஹாமி பெரியவர் பெருநாள் ஜுப்பாவிலேயே வந்திருந்தார். என் பெயரைக் கூப்பிட்டதும் தாளை எடுத்தேன். அவர் காதோரமாக, என்ன வாத்தியாரே, எடுத்த எடுப்பில புகார் சொல்லுவீங்களா, கடன் வசூலிக்க வந்தவன் மாதிரி, மொதல்ல சலாம் சொல்லுங்க என்றார். சரிதானே என்று பட்டது. பிஸ்மில்லாஹ் சொல்லி, கூட்டத் தலைவி அம்மாளுக்கும் சபைக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் சலாம் சொல்லி, வீட்டார் நலம் கேட்டு, ஸி ஜிலானியின் மறுமைக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொண்டு தாளைப் பார்த்தேன். மணி அடித்துவிட்டது. சலாமும் நேரக் கணக்கில் சேரும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. உங்கள் அன்பான வாழ்த்துக்கு நன்றி என்று தலைவி சிரித்தபடி அடுத்தவரை அழைத்தார். பின்னாலிருந்து மப்ரூக்கா, அட அவ்ளோதானா, மாத்திரைன்ற வார்த்தையே வாயில வரலியே, நல்லா விசாரிச்சீங்க போங்க, அவங்க வீட்டுக் கோழி நலமான்னும் கேட்டிருக்கலாம் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கூட்டக் குறிப்பில், துனிசியாவிலிருந்து ஒரு பயனர் வாழ்த்துத் தெரிவித்தார் என்று போட்டிருக்கிறது. எழுதி வைத்திருந்ததை மறுநாள் அனுப்பினேன். தனிப்பட்ட புகார்கள் இந்த அவையின் வரம்பில் வாரா, பொதுவான கருத்தாக அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும் என்று மிக மரியாதையாகப் பதில் அனுப்பினார்கள். கோபப்படவும் முடியவில்லை.

அடுத்த ஆண்டுவரை எப்படி என்றுதான் தெரியவில்லை, மகளே. ரெதெயிஃப் ஊரிலிருந்து அய்யாஷி என்ற லாரி ஓட்டுநரை நேற்று நினைவில்லாமல் இங்கே மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மாத்திரையை நம்பி, சுத்திகரிப்புக்கு வருவதையே விட்டிருக்கிறான். நான் சங்கத்து ஆள் என்று தெரிந்ததும் அவன் மனைவி, உங்க சங்கந்தானே சொல்லிச்சு, இனி மெஷினு வேண்டாம்னு என்று கேட்டாள். சத்தம்கூடப் போடவில்லை. அது நாங்கள் இல்லை என்றேன். போனைத் திறந்து நம் பெயரைக் காட்டினாள். இன்று காலையிலிருந்து மருத்துவமனை வாசலில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் அந்த முகவரியைத் திறக்காதீர்கள் என்று சொல்கிறேன். ஆனால் வாசலுக்கு வருகிறவர்கள் சுத்திகரிப்பை விடாதவர்கள். நான் சொல்ல வேண்டியது வராமல் போனவர்களிடம்.

இறைவன் உங்களை நோயின்றிக் காக்கட்டும். குழந்தைக்குக் காது மூடித் தொப்பி போடு. அங்குள்ள நம் ஊர்க்காரர்கள் எல்லாரிடமும் சொல், ஊரில் இருக்கும் தங்கள் பெற்றோரை இன்றே கூப்பிட்டு, சுத்திகரிப்புக்குப் போகிறார்களா என்று கேட்கட்டும்.

உன் அப்பா,
லஸ்ஹர்