நீ ஊதிய தாளை வளைக்கச் சொல்கிறார்கள்

என் செல்லத் தம்பி கணேசா,

உனக்குக் கடிதம் எழுதுவேன் என்று நினைத்ததே இல்லை. அடுத்த மேஜையில் உட்கார்ந்திருந்தவனுக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா? துர்கா பூஜை முடிந்த வாரம் டெங்குவில் நீ போனதிலிருந்து, ஆய்வுக்கூடத்தில் தமிழில் திட்டுவதற்கு எனக்கு ஆள் இல்லை. வாய் நமநமவென்கிறது.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் கட்டுரை ஆய்விதழிலிருந்து திருத்தத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. உன் பெயர் முதலில், என் பெயர் அடுத்து, அதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. ஒன்றே ஒன்று கேட்கிறார்கள். ஒரு மழைக்காலம் முழுக்கத் திறந்த அறையில் கிடந்த தாளை எத்தனை முறை வளைத்தால் மின்சாரம் நின்றுபோகிறது என்று காட்ட வேண்டுமாம். அப்படிப்பட்ட தாள் ஒன்றுதான் மிச்சம். நீ செய்தது. அதை என் டிராயரில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

அந்தத் தாளைச் செய்த மத்தியானம் உனக்கு நினைவிருக்கிறதா? தலைமுடியை ஆயிரமாகப் பிளந்தாற்போன்ற வெள்ளிக் கம்பிகளை பிளாஸ்டிக் தாளில் தூவி, வெளிச்சமும் ஊடுருவ வேண்டும், மின்சாரமும் ஓட வேண்டும் என்று இரண்டு பேரும் மாரடித்துக்கொண்டிருந்தோம். கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தனவே தவிர, சரியாகத் தொட்டுக்கொள்ளவில்லை. மீட்டரில் மின்தடை இறங்குவேனா என்றது. நீ அலுத்துப்போய், மூக்குக்கண்ணாடி துடைப்பவன் மாதிரி, தாள்மேல் 'ஹா' என்று ஊதினாய்.

"எருமை, எச்சில் பட்டா மொத்தமும் வீணாடா," என்று கத்தினேன்.

"ராக் பண்ணாதீங்க அக்கா, மீட்டரைப் பாருங்க," என்றாய். கோபப்படாதீங்க என்று ஒருநாளாவது முழுத் தமிழில் சொல்லியிருக்கிறாயா நீ? பவானிபூரில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பாதி வாக்கியம் வங்காளத்தில்தான் வரும்.

தடை இறங்கியிருந்தது. மூச்சின் ஈரம் காயும்போது கம்பிகளை ஒன்றோடொன்று இழுத்து ஒட்டிவிடுகிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. டாக்குரியா ஸ்டேஷன் வாசலில் மண்குவளை டீயைக் கையில் வைத்துக்கொண்டு, இதைக் கட்டுரையில் எப்படி எழுதுவது என்று பேசினோம். 'ஆய்வாளர் வாயால் ஊதினார்' என்றே எழுதிவிடலாம் என்றாய். எனக்குப் புரையேறி, டீயெல்லாம் புடவையில். அப்படி ஒரு சிரிப்பு இனி எனக்கு எங்கிருந்து வரும்?

உன் இரங்கல் கூட்டத்தில் நம் ஆய்வுக்கூடத்து ஸார் பேசினார். நல்ல மனுஷன்தான், ஆறுதலாகத்தான் சொன்னார். ஒரு கம்பி அறுந்தாலும் மற்ற கம்பிகள் வழியே மின்சாரம் சுற்றிப் போய்விடும், வலையின் குணம் அது என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம். கம்பிகள் நெருக்கமாக இருந்தால்தான் அந்தப் பேச்சு. வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்று நாம் குறைவாகத் தூவுகிறவர்கள். அப்படித் தூவிய வலையில் சில இடங்களில் ஒரே ஒரு கம்பியை நம்பித்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்ந்திருக்கும். இது ஸாருக்குத் தெரியாதா? எழுந்து சொல்லியிருப்பேன். உன் அம்மா முன்வரிசையில் இருந்தார், பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.

தாள் எங்கே என்று ஸார் கேட்கும்போதெல்லாம் தேடுகிறேன் என்று புளுகுகிறேன். புதிதாகச் செய்யலாம், நானே ஊதலாம், ஆனால் இன்னொரு மழைக்காலம் முடிய வேண்டும். அதுவரை யார் காத்திருப்பார்கள்? இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. நம் ஊர்க் காற்றில் வெள்ளி கறுக்கிறது. எடுத்து அளக்கிற ஒவ்வொரு தடவையும் தடை ஏறியிருக்கிறது. வளைத்தாலும் போகும், பூட்டி வைத்தாலும் போகும். இதை நான் யாரிடம் சொல்லி அழுவேன்?

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓரத்தைப் பிடித்து, ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"ஒண்ணுமே தெரியலையேம்மா இதுல."

"தெரியக் கூடாதும்மா. அதுக்குத்தான் அவன் அவ்வளவு பாடுபட்டான்."

"அவன் மூச்சு இதுல பட்டிருக்கா?"

"பட்டிருக்கு. அதனாலதான் கரண்டு ஓடுது. நீங்களே வச்சுக்கோங்க. அங்க கேட்கறாங்க, நான் தர மாட்டேன்."

எதற்குக் கேட்கிறார்கள் என்று விசாரித்தார். மறைக்காமல் சொன்னேன்.

"வளைச்சுக் காட்டலைன்னா?"

"அவன் எழுதினது வெளிய வராதும்மா."

தாளை உறைக்குள் போட்டு என் கையில் வைத்தார். "குடுத்துடு. என்னிக்குச் செய்வீங்கன்னு சொல்லு, நானும் வரேன். ஆஸ்பத்திரியில என்னைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நிறுத்திட்டாங்க. இதுக்காவது கடைசி வரைக்கும் பக்கத்துல இருக்கேன்."

நாளைக்குக் காலையில் செய்யப் போகிறோம். அம்மாவை நானே போய் அழைத்துவருகிறேன். தாளை வளைக்கிற மெஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு வைத்துவிட்டேன். ஒவ்வொரு வளைவுக்கும் மீட்டரில் என்ன வருகிறது என்று அவருக்கு வாய்விட்டுப் படித்துச் சொல்வேன். அது நிற்கிறவரை நாங்கள் இரண்டு பேரும் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டோம் கணேசா, இது சத்தியம்.

உன்னோடு கூடப் பிறக்காத அக்கா,
கஸ்தூரி