துளை போடாத தடுப்புக் கதவு

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மேற்கே மலை தெரியவில்லை.

இந்த வாரத்து வேலை, வரிசையாக:

1. தெருவாசல் அளவு எடுப்பது.
2. வாசலின் மர நிலையில் துளை கூடாது. (மனைவி செண்பகத்தின் கட்டளை. என் கருத்தும் அதுவே.)
3. துளை போடாமல் மாட்டும் தடுப்புக் கதவு. ராஜபாளையத்தில் விசாரிப்பது.
4. வியாழனுக்குள் மாட்டுவது.
5. ஆட்டி, இழுத்து, தள்ளிச் சோதிப்பது.
6. திங்கள் முதல் மகள் மீனா வேலைக்குத் திரும்புகிறாள். பகலில் பேத்தி எங்கள் பொறுப்பு.

காரணத்தை எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதிவிடுகிறேன். ஞாயிறு காலை பேத்தி யாழினி தவழ்ந்துபோய் வாசலைத் தாண்டி, இரண்டு படியும் இறங்கி, தெருவில் இருந்தாள். பத்து மாதக் குழந்தை. பால்காரர் வண்டியை நிறுத்தித் தூக்கிவந்து கொடுத்தார். நான் கூடத்தில்தான் இருந்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மீனா குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திட்டியிருக்கலாம்.

அளவு: மேலே 91 செ.மீ., நடுவே 91, கீழே 91. முப்பத்தைந்து வருடம் சர்வேயராக ஊர் நிலத்தை அளந்தவன். இருந்தும் மறுபடி அளந்தேன். 91.

ஸ்க்ரூ போட்டு மாட்டும் கதவுதான் உறுதி என்று எங்கோ படித்ததைச் செண்பகத்திடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். நிலைக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்: "நெலையில ஓட்டை போட்ட வீடு வெளங்குமா? லச்சுமி நிக்கிற எடம்." அத்துடன் முடிந்தது.

நவ. 5, புதன்

ராஜபாளையம். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். குழந்தைச் சாமான் கடை. மூன்று வகை காட்டினார்கள்:

வலைத்துணி, சுருட்டுவது: ஸ்க்ரூ வேண்டும். வேண்டாம்.
பிளாஸ்டிக் வேலி: தள்ளினால் நகர்கிறது. வேண்டாம்.
இரும்புக் கம்பிக் கதவு: இரண்டு பக்கமும் மேலும் கீழும் ரப்பர் முனை. நிலையின் இரு கால்களுக்கும் நடுவே வைத்துத் திருகினால் அழுத்திக்கொண்டு நிற்கும். இது.

கடைக்காரப் பெண்ணிடம் இது தாங்குமா என்று மூன்று தடவை கேட்டிருப்பேன். நாலாவது தடவை வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்: "நீங்க எம்புட்டு இறுக்குதீகளோ அம்புட்டு பலம் சார். யானையக் கட்டலாம்." பக்கத்தில் நின்றவர், யானைக்கு வாங்கவில்லை, பேத்திக்கு வாங்குகிறார் என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பெட்டியில் ஒரு எச்சரிக்கை: மாடிப்படியின் மேல்முனையில் பொருத்தக் கூடாது. நமக்கு இரண்டே படி. அது மாடிப்படிக் கணக்கில் வருமா? தெரியவில்லை. யாரிடமும் கேட்கவில்லை.

நவ. 6, வியாழன்

மாட்டியாயிற்று. ஒன்றேகால் மணி நேரம். குறிப்புத்தாளை இரண்டு தடவை படித்தபிறகே தொட்டேன்.

ஞாபகத்துக்கு: கதவின் கொண்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே முதலில் இடைவெளி இருக்கும். திருகத் திருக அது குறையும். கொண்டி சரியாக விழுந்தால் அழுத்தம் போதும். விழுந்தது.

அடிக்கம்பி தடுக்குமோ என்று செண்பகத்தை நினைத்துப் பயந்தேன். வாசற்படியை மிதிக்காமல் தாண்டியே நாற்பது வருடம் பழகியவள். இதையும் தாண்டிவிட்டாள்.

தள்ளினேன், இழுத்தேன், தோளால் சாய்ந்தேன். அசையவில்லை. யாழினி கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாள். முதல் தடவையாக நிற்கிறாள் என்று மீனா போனில் படம் எடுத்தாள். நல்ல நாள் என்று எழுத நினைத்து, எழுதவில்லை. அப்படி எழுதினால் ஏதாவது வருகிறது.

நவ. 7, வெள்ளி

செண்பகம் நிலையைத் துடைத்து மஞ்சள் பூசினாள். ரப்பர் முனையைச் சுற்றியும் வட்டமாக.

மாலையில் கொண்டி விழவில்லை. நகக்கண் அளவு இடைவெளி. மஞ்சள் ஈரத்தில் வழுக்கியிருக்கும். அரைச் சுற்று இறுக்கினேன். விழுந்தது.

சந்தேகத்துக்கு வாசலை அளந்தேன். கீழே 91.5.

டேப் பழையது.

நவ. 8, சனி

பகல் முழுக்க மழை. வைத்தியநாதர் கோவில் மணிகூட அமுங்கிக் கேட்டது.

கொண்டி மறுபடி விழவில்லை. அளவு: மேலே 91, நடுவே 91.4, கீழே 92.2. மீனாவின் தையல் டேப்பாலும் அளந்தேன். அதே. தடுப்புக் கதவு தளரலாம். வாசல் எப்படி அகலும்?

இரண்டு சுற்று இறுக்கினேன். இடது கீழ் முனையில் திருகும்போது கைக்கு எதிர்ப்பே வரவில்லை. பழுத்த பழத்தை அமுக்குவது போல. கையை எடுத்துவிட்டேன்.

முருகேசன் ஆசாரியைக் கூப்பிடலாம். ஒரு கம்பிக் கதவு மாட்டத் தெரியாத சர்வேயர் என்று கடைத்தெருவில் சொல்வான். திங்கள் வரை பார்ப்போம்.

இரவு சாப்பிடும்போது மீனா, "எல்லாம் சரியா இருக்குல்லப்பா? ஒங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றாள்.

இருக்கு என்றேன்.

நவ. 9, ஞாயிறு

 நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணி. யாழினி கதவைப் பிடித்து நின்று தெருவில் போன ஆடுகளைப் பார்த்துக் குலுக்கினாள். நான் பின்னால் முக்காலியில். நேற்றிலிருந்து எனக்கு நிம்மதியில்லை, அதனால்தான் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இடது கீழ் ரப்பர் நிலைக்குள் போயிற்று. சத்தமே இல்லை. கதவு தெருப்பக்கம் சாய்ந்தது, அவளும் அதோடு. கவுனின் முதுகுப்பக்கம் என் கையில் சிக்கியது. கதவு மட்டும் படியில் உருண்டது. அப்போதுதான் சத்தம்.

முருகேசன் வந்தான். மஞ்சள்மேல் திருப்புளியை வைத்து அழுத்தினான். பிடி வரைக்கும் இறங்கியது. வெளியே இழுத்தபோது மண் கொட்டியது, கூடவே வெள்ளைப் பூச்சிகள்.

"ஐயா, இது மரமில்ல. பெயிண்டும் மஞ்சளுந்தான் நிக்குது. உள்ள பூராம் கறையான்." பிறகு மேலே பார்த்தான். "செவரு பாரம் இதுமேலதான் இருக்கு. பிள்ளைய இந்தப் பக்கமே விடாதீக."

நிலையோரம் செம்மண் கோடு மாதிரி ஏதும் வந்ததுண்டா என்று செண்பகத்திடம் கேட்டான். வெள்ளிக்கு வெள்ளி வரும், துடைத்துவிட்டுத்தான் மஞ்சள் பூசுவேன் என்றாள். எத்தனை வருடமாக என்று அவன் கேட்கவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள்.

நவ. 10, திங்கள்

வெயில். வாசலில் இரண்டு சவுக்குக் கம்பு முட்டு. பின்வாசல் வழியாகப் போய்வருகிறோம்.

மீனா ஏழு மணிக்கே யாழினியோடு ராஜபாளையம் கிளம்பிவிட்டாள். பகலில் அவள் மாமியார் பார்த்துக்கொள்வாராம். "ஒங்க மேல குத்தமில்லப்பா, நீங்கதான புடிச்சீக" என்றாள். சனி இரவு அவள் கேட்டதும் நான் சொன்ன பதிலும் இருவருக்கும் ஞாபகம் இருந்தது. பால் பாட்டில் இங்கேயே கிடக்கிறது.

செவ்வாய்க்கிழமை எழுதிய பட்டியலில் இரண்டாவது வரி தவறு. அன்றே ஒரு துளை போட்டிருந்தால் ட்ரில் முனையில் மண் வந்திருக்கும். நிலையில் துளை போடாமல் இறுக்கி இறுக்கி நானே வாசலை அகல வைத்திருக்கிறேன். 'என் கருத்தும் அதுவே' என்று வேறு எழுதியிருக்கிறேன். எனக்குக் கருத்து எதுவும் இருக்கவில்லை. செண்பகத்தை எதிர்த்து இரண்டாவது தடவை சொல்லப் பயம், அவ்வளவுதான்.