ஹூகோவின் கோப்பு

பெர்ன், 6 அக்டோபர் 1941

அன்புள்ள எவால்ட்,

நலம். நீயும் கெர்டாவும் குழந்தைகளும் நலம்தானே? இரண்டு கடிதம் போட்டேன், ஒரு வரி பதில் இல்லை. பெர்லினில் மை தீர்ந்துவிட்டதா, இல்லை அமைச்சகத்தில் பெரிய அறை கிடைத்ததும் பழைய சிநேகிதனை மறந்துவிட்டாயா?

திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். இப்போது உன்னால் ஒரு காரியம் ஆகவேண்டும். யூதன் என்று நம் ஹூகோவை வேலையிலிருந்து துரத்தியபோது நீயும் நானும் வாய் திறக்கவில்லை. இப்போது கிழக்கே நாடு கடத்தப் போகிற யூதர்களின் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறதாம். முன்னாள் தூதரக அதிகாரி என்பதால், ஆட்சேபணை உண்டா என்று காவல்துறை நம் வெளியுறவு அமைச்சகத்தைக் கேட்டிருக்கிறது. கோப்பு உன் மேசைக்குத்தான் வரும். நீ எதுவும் எழுத வேண்டாம். அடியில் போட்டுவை. நம் ஆபீசில் கோப்பு தூங்குவது யாருக்கும் புதிதில்லை. அதற்குள் இங்கே தூதரகத்தில் இருந்தபடி அவனுக்குச் சுவிஸ் விசா வாங்கிவிடுவேன்.

படித்ததும் இதை எரித்துவிடு.

உன்
ரைன்ஹோல்ட்


பெர்லின், 13 அக்டோபர்

அருமை ரைன்ஹோல்ட்,

கோபித்துக்கொள்ளாதே, வேலை கழுத்தை நெரிக்கிறது. உன் கடிதம் இன்று காலை வந்தது, உடனே அடுப்பில் போட்டுவிட்டேன். கோப்பும் வந்தாயிற்று. கீழ் இழுப்பறையில், என் மதிய ரொட்டிக்குப் பக்கத்தில் தூங்குகிறது. பயப்பட வேண்டாம் என்று ஹூகோவுக்குச் சொல்லி அனுப்பு. அன்று அவன் குறிப்பேடு தராவிட்டால் நான் வெளியுறவுப் பணித் தேர்வில் தேறியிருப்பேனா?

"அவருக்கென்ன, பெர்ன்ல உக்காந்து நெசமான காப்பி குடிக்கிறாரு. நமக்கும் கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்க" என்கிறாள் கெர்டா. நான் கேட்கவில்லை, அவள்தான் கேட்கிறாள்.

என்றும் உன்
எவால்ட்


பெர்ன், 27 அக்டோபர்

அன்புள்ள எவால்ட்,

என் நெஞ்சிலிருந்து கல்லை இறக்கிவிட்டாய். தூதரகத் தபால் பையில் அரைக் கிலோ காப்பி வருகிறது. கெர்டாவுக்கு மட்டும்.

ஹூகோ ஸ்பாண்டாவில் ஒரு தோட்டக்காரர் வீட்டுப் பரணில் ஒளிந்துகொள்ள ஏற்பாடு செய்திருந்தானாம். இந்தக் குளிர் அவன் நெஞ்சுக்கு ஆகுமா? "எவால்ட் பாத்துக்கிறான், பேசாம வீட்லயே இரு" என்று அந்தப் பையைக் கொண்டுபோகும் நம் ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். "அவன் கையில இருந்தா சரி" என்று மூட்டையைப் பிரித்துவிட்டானாம்.

உன்
ரைன்ஹோல்ட்


பெர்லின், 3 நவம்பர்

அருமை ரைன்ஹோல்ட்,

காப்பி வந்தது. வீடே மணக்கிறது. எனக்குப் பதவி உயர்வு வரும் என்று பேச்சு. சின்னவளுக்குக் கக்குவான். ஹூகோ விஷயம் நடந்துகொண்டிருக்கிறது. இனி இதைப் பற்றிக் கடிதத்தில் எழுதாமல் இருந்தால் இருவருக்கும் நல்லது.

எவால்ட்


பெர்ன், 27 நவம்பர்

எவால்ட்,

நேற்று தூதர் என்னைக் கூப்பிட்டார். அவர் மேசையில் என் அக்டோபர் ஆறாம் தேதிக் கடிதம் கிடந்தது. தலையில் பதிவு முத்திரை, எண். ஓரத்தில், அதைப் படித்த அதிகாரிகள் ஒன்பது பேரின் சுருக்கொப்பம். முதல் ஒப்பம் உன்னுடையது, உன் நீலப் பென்சிலில். தேதி அக்டோபர் 13. அடுப்பில் போட்டதாக நீ எனக்கு எழுதிய அதே நாள்.

"உங்க சிநேகிதர் ரொம்ப ஒழுங்கானவர்" என்றார் தூதர். என்னைப் பெர்லினுக்கு வரச் சொல்லி உத்தரவு. நான் வரமாட்டேன். அது என் பாடு.

ஹூகோவின் கீழ்வீட்டு குஸ்கே அம்மாள் எழுதியிருக்கிறாள். இந்த மாதம் பதினான்காம் தேதி மதியம் காவல்துறை ஆட்கள் வந்தார்களாம். அவன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். கொஞ்சமும் பதறாமல், "தப்பா வந்திருக்கீங்க. வெளியுறவு அமைச்சகம் இன்னும் பதில் எழுதலையே" என்றானாம்.

"எழுதியாச்சுய்யா" என்று ஒருவன் தாளை நீட்டினான். 'ஆட்சேபணை இல்லை.' கீழே நீலத்தில் உன் குறி. ஹூகோ அதை வெகுநேரம் பார்த்தானாம். "அவன் கையெழுத்துதான்" என்று சொல்லிவிட்டுத் தானே மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டானாம்.

நீ பயந்திருப்பாய். அது எனக்குப் புரிகிறது. ஆனால், முடியாது என்று எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அவன் அன்றே பரணுக்குப் போயிருப்பான். அதைக்கூட நீ செய்யவில்லையே, படுபாவி.

குஸ்கே அம்மாள் கடைசியில் ஒன்று கேட்டிருக்கிறாள்: "ஒளிஞ்சுக்க எடம் இருந்துச்சே, போக வேணாம்னு இவருகிட்ட யாரு சொன்னது?"

அவளுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. நான்தான் சொன்னேன், எவால்ட். உன்னை நம்பிச் சொன்னேன்.

ரைன்ஹோல்ட்