பன்னிரண்டுக்குப் பத்து

நோன்போடு போன என் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு இப்போது பதினான்கு வயது. கதவின் கீழால் வெளிச்சம் போகாமல் துவாயைச் சுருட்டி வைத்துவிட்டு எழுதுகிறேன். உம்மா படுத்துவிட்டார். உங்கள் மகன், என் நானாவின் அறையிலும் சத்தம் இல்லை. இது நானாவின் கையில் கிடைத்தாலும் பரவாயில்லை, அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

கொஞ்சம் முன்பு ஹோலில் அது திரும்பவும் விழித்தது. உங்கள் வீடியோ ரெக்கோடர். முதலில் 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு சிவப்பு வெளிச்சம், பிறகு ஒன்றும் இல்லை. 2007இல் உலகக் கிண்ண ரக்பியில் நம் அவுஸ்திரேலியா இங்கிலாந்தோடு ஆடிய கால் இறுதி ஆட்டத்தைப் பதிய நீங்கள் நேரம் வைத்தபோது, ஒரு தடவை என்று வைப்பதற்குப் பதிலாக வாராவாரம் என்று வைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. நாலு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அது எழும்பி, உள்ளே டேப் இல்லை என்று கண்டு நின்றுவிடுகிறது. உம்மா அதை நிறுத்த விடுவதில்லை. எனக்கு அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நீங்கள் வந்து, பார்க்காமல் விட்ட ஆட்டத்தைக் கேட்பது போல இருக்கும்.

ஆனால் உங்களுக்குத்தான் முடிவு தெரியுமே வாப்பா. அது தெரியும் என்பது எனக்கு மட்டும்தானே தெரியும்.

முதலில் செய்தி சொல்கிறேன். உலகக் கிண்ணம் இந்த முறை நியூசிலாந்தில் நடக்கிறது. நோன்பு ஓகஸ்டிலேயே முடிந்துவிட்டதால் உங்கள் பழைய பயம் தேவையில்லை. நோன்பு மாதத்தில் இங்கிலாந்தோடு ஆடினால் நமக்குச் சரிவராது என்று சொல்வீர்களே, அதைச் சொல்கிறேன். 2003 இறுதி ஆட்டமும் நோன்பில்தான் வந்தது. நம் சிட்னியிலேயே, எக்ஸ்ட்ரா டைமின் கடைசி நிமிடத்தில் ஒரே ஓர் உதையில் கிண்ணம் போயிற்று. அந்த இரவு உங்கள் டாக்ஸியில் நாலு ஆங்கிலேயர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்ததையும், இறங்கும் வரை நீங்கள் வாய் திறக்காததையும் உங்கள் தம்பி சாச்சா இன்னும் சொல்லிச் சிரிப்பார்.

இந்த முறை நம் அணி கிண்ணம் எடுக்கும் என்று நானா சொல்கிறார். இந்த வருடம் தென்னாப்பிரிக்காவையும் நியூசிலாந்தையும் வென்று மூன்று நாட்டுக் கிண்ணத்தை எடுத்துவிட்டார்கள். பிறகு அயர்லாந்திடம் தோற்று எல்லோரையும் பயமுறுத்தினார்கள். போன ஞாயிறு கால் இறுதியில் தென்னாப்பிரிக்கா வந்தது. பந்து முழுக்க அவர்களிடம்தான் இருந்தது. நம்மவர்கள் விழுந்து விழுந்து டெக்கிள் பண்ணித் தடுத்தார்கள். பதினொன்றுக்கு ஒன்பது. ரெண்டே ரெண்டு பாயிண்ட். முடிந்ததும் நானா துள்ளினார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

நாளை இரவு அரை இறுதி. எதிரே நியூசிலாந்து, அதுவும் அவர்களுடைய ஒக்லாந்து மைதானத்தில். 1986க்குப் பிறகு நாம் அங்கே வென்றதே இல்லை. 1991இலும் 1999இலும் கிண்ணம் எடுத்த அணிக்கு ஒரு மைதானம் என்ன பெரிய விஷயம் என்று நானா கேட்கிறார். "சரித்திரம் டெக்கிள் பண்ணாது மகன், கறுப்புச் சட்டை நியூசிலாந்துக்காரன்தான் பண்ணுவான்" என்று சாச்சா சொல்கிறார். நீங்கள் இருந்தால் யார் பக்கம் நின்றிருப்பீர்கள்?

எனக்கு நாளை இரவைப் பற்றிப் பயம் இல்லை. நாளைப் பகலை நினைத்துத்தான் பயம்.

வீடியோ ரெக்கோடர் பழசாகிவிட்டது, குப்பைக்குப் போடுவதற்கு முன் நீங்கள் பதிந்த அந்தக் கால் இறுதி டேப்பை எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று நானா கேட்டார். உம்மா மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அலுமாரியில் உங்கள் தொப்பிக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் டேப் அது. உம்மாவோ, "ஓம், பாப்பம். அவர் பாக்காததை அவருக்காக நாங்க பாப்பம்" என்றார். நாளை நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு சாச்சா வீட்டாரும் வருகிறார்கள். பிறகு உம்மா என் தலையைத் தடவிக்கொண்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

"தோத்தது தெரியாமலே போயிட்டார் மகள். அது அல்லா அவருக்குச் செஞ்ச கருணை, ரஹ்மத்."

உங்களுக்கு நாற்பதாம் நாள் ஓதிய அன்று சாச்சாவும் இதையேதான் வேறு மாதிரிச் சொன்னார். "தெரிஞ்சிருந்தா என்ட நானாட ஹார்ட் அந்த இடத்திலேயே நிண்டிருக்கும்." பகிடிக்குத்தான் சொன்னார். நீங்கள் போன பிறகு உம்மா முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான். நான் கையில் தேத்தண்ணித் தட்டத்தோடு நின்றேன். அன்றிலிருந்துதான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையைத் திரும்பச் சொல்கிறேன். பிழை இருந்தால் நீங்கள்தான் திருத்த வேண்டும்.

இரவு பதிந்த ஆட்டத்தை விடியுமுன் ஸஹருக்கு எழும்பிச் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பது உங்கள் வழக்கம். பார்த்து முடியும் வரை வீட்டில் யாரும் ஸ்கோர் சொல்லக்கூடாது. ரேடியோவும் போடக்கூடாது. அன்று பிந்தி எழும்பியதால் பார்க்க நேரம் இல்லை. நோன்பு திறக்க முன் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு டாக்ஸியை எடுத்துக்கொண்டு போனீர்கள். நோன்பு பிடிக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லியும் பிடித்தீர்கள். நெஞ்சு படபடக்கிற எதுவும் கூடாது என்றும் அவர் சொல்லியிருந்தார். நான் பக்கத்துக் கதிரையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு உம்மா படுத்துவிட்டார். நான் கார்ட்டூன் பார்க்க டிவியைப் போட்டேன். செய்தி வந்தது. கடைசி உதை கம்பத்துக்கு வெளியே போவதைக் காட்டினார்கள். எனக்கு டொக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. மாலையில் நீங்கள் ஒன்றும் தெரியாமல் அந்த உதையைப் பார்த்தால் நெஞ்சு என்ன ஆகும்? முன்பே தெரிந்தால் படபடக்காதுதானே? பத்து வயதில் எனக்கு அது சரியாகத்தான் பட்டது. போனை எடுத்து உங்களுக்கு அடித்தேன்.

"வாப்பா, தோத்துட்டாங்க."

உங்களுக்குப் பின்னால் ரயில் அறிவிப்புக் கேட்டது. ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனுக்கு முன்னால் டாக்ஸி வரிசையில் நின்றிருப்பீர்கள். ரக்பியை ரகர் என்பீர்களே, அதைக் கண்டியில் விளையாடி நசுங்கிய உங்கள் இடது காதில்தான் நான் சொன்னது விழுந்திருக்கும்.

"எத்தனை?"

"பன்னிரண்டுக்குப் பத்து."

"ரெண்டு பாயிண்ட்தானா?" என்று சிரித்தீர்கள். "அப்ப நல்லாத்தான் ஆடியிருக்காங்க. உம்மா எங்க?"

எழுப்பவா என்று கேட்டேன்.

"வேணாம் மகள். அவ படுக்கட்டும், ஸஹருக்கு எனக்காக எழும்பினவ. நீங்க ஸ்கோர் சொன்னதை நான் அவக்குச் சொல்ல மாட்டன், நீங்களும் சொல்லாதீங்க. பின்னேரம் தெரியாத மாதிரி இருந்து பாப்பம்."

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, வரிசை நகர்ந்தும் உங்கள் டாக்ஸி நகரவில்லை என்று பின்னால் நின்றவர் வந்து கண்ணாடியைத் தட்டியிருக்கிறார்.

உங்கள் போனை சாச்சா அணைத்து ஒரு பெட்டிக்குள் போட்டார். யார் கடைசியாக அடித்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

வாப்பா, அந்தச் சிரிப்பு உண்மையான சிரிப்பா? அல்லது எனக்காகச் சிரித்துவிட்டு, போனை வைத்த பிறகு நெஞ்சைப் பிடித்தீர்களா? நோன்பும் களைப்பும் இருதய வருத்தமும்தான் காரணம் என்றால், ஏன் அந்த ஒரு மணி நேரத்தில்? ஓதும்போதெல்லாம் இதைக் கேட்கிறேன். 'டக்' என்ற சத்தம் மட்டும்தான் வருகிறது.

இன்னொன்றும் உண்டு. இதை இன்றைக்குத்தான் யோசித்தேன். ஒவ்வொரு ஒக்டோபரிலும் உம்மா, "எனக்கு ஒரு போன் கோல் எடுத்திருப்பாரோ, நான்தான் நித்திரையில கேக்காமப் போயிட்டனோ" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. நீங்கள் கடைசியாக விசாரித்தது உம்மாவைத்தான். எழுப்பாதே என்று சொன்னதும் நீங்கள்தான். என் பயத்தைப் பூட்டி வைக்கப் போய், உம்மாவுக்கு உரிய அந்த வார்த்தைகளையும் நாலு வருடம் பூட்டி வைத்துவிட்டேன்.

சொன்னால் உம்மாவின் ரஹ்மத் போய்விடும். உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று தெரியவரும். என்னை எப்படிப் பார்ப்பார் என்று தெரியாது. சொல்லாவிட்டால் நாளை அந்த டேப் ஓடும்போது, கடைசி உதை வரை, ஒன்றும் தெரியாத மாதிரி உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அது நீங்களும் நானும் சேர்ந்து செய்வதற்கு வைத்திருந்த விளையாட்டு. தனியாக எனக்கு அது முடியாது வாப்பா.

சொல்ல வேண்டாம் என்று நீங்கள் சொன்னது நான் ஏச்சு வாங்காமல் இருக்கத்தான். உங்கள் பேச்சை நாலு வருடம் காத்தேன். நாளை மீறப் போகிறேன். நானா டேப்பைப் போட முன், லுஹர் தொழுத பாயிலேயே உம்மாவுக்குச் சொல்வேன். முதலில் நீங்கள் உம்மாவைப் பற்றிச் சொன்னது, அதற்குப் பிறகு ஸ்கோர். வாய் வராவிட்டால் இந்தக் காகிதத்தை அவர் மடியில் வைப்பேன். ஆங்கிலம்தான் எனக்கு வேகமாக வரும். உம்மாவும் வாசிக்க வேண்டும் என்றுதான் தமிழில் எழுதினேன் என்று இப்போதுதான் விளங்குகிறது.

உங்களுக்கு ஸ்கோர் சொன்ன,
உங்கள் மகள் ஸஹ்ரா