மிளகின் இடப்பக்கப் பல்

தலைச்சோலை,
ஜனவரி 27.

அன்பு மகள் ஆஷ்லினுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் மிளகும் நலம். நாயின் பெயரை வேண்டுமென்றேதான் சேர்த்திருக்கிறேன், நம்பு. அங்கே உன் உடம்பு எப்படி, ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? இரண்டு வாரத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுதாய், நான் கத்தினேன், அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள், ஒரு விஷயமும் முழுசாகப் பேசவில்லை. அதனால்தான், மிளகு தேறட்டும் என்று பொறுத்திருந்து, எழுதுகிறேன். கடைசிவரை படி, பாதியில் மடித்து வைக்காதே.

நீ சொன்னது இதுதான்: 'மெளகு என்னய நெனச்சுத்தான் திங்காமக் கெடக்குது, நர்சிங்கும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், ஊட்டுக்கு வந்துடறம்ப்பா.' இதை உன் தலையில் ஏற்றியது உன் அம்மா. கிறிஸ்துமஸ் லீவு முடிந்து உன்னை மங்களூருக்கு அனுப்பிய வாரத்திலிருந்து மிளகு களியை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும், சோற்றைக் கவ்விக் கீழே போடும். 'ஏனுங்க, புள்ளய நெனச்சு ஏங்குதுங்க, உங்களுக்கு அந்தக் காப்பி மெஷினத் தவுர எதுவும் கண்ணுக்குத் தெரியாதுங்களா' என்று என்னைத் திட்டினாள். எஸ்டேட் ரைட்டர் மேக்ஸ்வெல் அண்ணனும் ஆமாம் போட்டார். இடது கண்ணுக்குக் கீழே வீங்கியதும் குளவி கொட்டியிருக்கும் என்று இரண்டு பேருமாகச் சுண்ணாம்பு தடவினார்கள். ஏங்கினால் வாய் நாறுமா? இதை ஒருவரும் கேட்கவில்லை.

நீ போனை வைத்த பிறகு நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். வலப்பக்கப் பற்கள் தேய்ந்து, சுத்தமாக இருந்தன. இடப்பக்கம் முழுக்க மஞ்சளும் பழுப்புமாகக் காரை ஏறிக் கிடந்தது. காப்பிப் பழம் உரிக்கும் மெஷினில் ஒரு பக்கம் தேய்ந்து மறுபக்கம் அழுக்கேறியிருந்தால், அந்தப் பக்கம் லோடே போகவில்லை என்று அர்த்தம். இதுவும் அதேதான். மறுநாள் லீவு போட்டு, மேக்ஸ்வெல் அண்ணனின் ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டுபோனேன். கொண்டை ஊசி வளைவில் இரண்டு தடவை வாந்தி எடுத்தது, இரண்டும் என் பேன்ட் மேல்தான். டாக்டர் ஜெயகுமாரி எக்ஸ்ரே எடுத்தார்கள். மேல்வரிசையில் பின்னாலிருக்கும் பெரிய பல் பிளந்து, வேர் வரைக்கும் சீழ். கண்ணுக்குக் கீழே வீங்கியது அதனால்தான். மயக்கம் கொடுத்துப் பிடுங்கினார்கள். அந்த ஒரு பல்லுக்கு மூன்று வேர், உனக்குத் தெரியுமா? மீதிப் பற்களையும் சுரண்டிச் சுத்தம் செய்து அனுப்பினார்கள்.

எப்படி உடைந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். போன வருஷ அறுவடையில் பூசை முடிந்து வரும் ஞாயிறுகளில் வாங்கிய மாட்டுக் கால் எலும்பை நான் வேகவைத்து, காப்பி காயும் களத்து ஓரத்தில் நாலு நாள் காயப்போட்டு வைப்பேன், நினைவிருக்கிறதா? காய்ந்தால் நாறாது, வாரம் முழுக்க வரும், கடிக்கக் கடிக்கப் பல் தானே தேய்ந்து சுத்தமாகும் என்று உனக்குப் பாடம் வேறு எடுத்தேன். டாக்டர் கேட்டார்கள், 'எலும்பக் கல்லாட்டம் காய வெச்சுப் போட்டது யாருங்க?' நான்தானுங்க என்றேன். 'மெஷினு பாக்கறவருங்கறீங்க, எது கெட்டி எது மெதுன்னு தெரியாதுங்களா?' கட்டை விரல் நகத்தால் அழுத்தினால் பதியாத எதையும் நாய்க்குக் கடிக்கத் தரக் கூடாதாம். உடைந்து பத்து மாதமாவது இருக்கும் என்றார்கள். கணக்குப் போட்டுப் பார். நீ மங்களூருக்கு முதன்முதலில் போனது நவம்பரில். அதற்கு முன்பே அது வலியோடுதான் உன்னோடு விளையாடியிருக்கிறது. உன்மேல் ஒரு தப்பும் இல்லை, தப்பு என்னுடையது.

இப்போது புண் ஆறிவிட்டது. முந்தாநாள் களி தின்றது, நேற்று அம்மா வைத்த குழம்புச் சோற்றைத் தட்டோடு நகர்த்திக்கொண்டுபோய்த் தின்றது. தினமும் நான்தான் அதற்குப் பல் தேய்த்துவிடுகிறேன். நாய்க்கென்று விற்கிற பேஸ்ட்தான். நம் பேஸ்ட்டை அது துப்பாது, விழுங்கிவிடும், சிலதில் இருக்கும் இனிப்பு நாய்க்கு விஷம். உதட்டைத் தூக்கி, ஈறும் பல்லும் சேருகிற இடத்தில், வெளிப்பக்கம் மட்டும், ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம். முதல் நாள் பிரஷைக் கடித்துத் துண்டாக்கியது. இப்போது விரலில் துணி சுற்றித் தேய்க்கிறேன், உறுமுகிறது, ஆனால் நிற்கிறது.

மாலை பஸ் வரும்போது நிறுத்தத்தில் போய் உட்காருகிறதே என்று அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். உட்காருகிறதுதான். அங்கே டீக்கடை சுகுணா அக்கா பன் போடுவாள். உன்னைத் தேடவே இல்லை என்று சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன்.

ஆகவே கண்ணு, மிளகுக்காக நீ வர வேண்டியதில்லை, அந்தக் காரணம் முடிந்தது. வேறு காரணம் இருந்தால் எழுது. பாடம் புரியவில்லையா, வார்டில் யாராவது திட்டுகிறார்களா, அறையில் இருக்கிறவர்கள் பேசுவதில்லையா, எதுவானாலும் எழுது. நான் கத்த மாட்டேன், வந்து கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்று உட்கார்ந்து பேசுவோம். மிளகு பத்து மாதம் ஒரு பக்கமாகவே மென்று சமாளித்தது, வாலையும் ஆட்டிக்கொண்டிருந்தது, வீட்டில் மூன்று பேர் இருந்தும் ஒருவருக்கும் தெரியவில்லை. மிளகால் சொல்ல முடியாது. உன்னால் முடியும்.

மாதா உன்னைக் காக்கட்டும், அம்மாவின் முத்தம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போ, இரவில் பல் தேய்த்துவிட்டுப் படு, சிரிக்காதே. பதிலைப் போனில் சொல்லாதே, எழுது.

உன் அப்பா,
ஸ்டெபின்.